ஸ்பீக்கர் பக்கத்து ஒற்றர்

பையைத் திறந்ததும்தான் மெக்கானிக்குக்குப் பை மாறியது தெரிந்தது. உள்ளே ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் டார்ச்சும் இருந்தன. ஹெட்ஃபோனும் நோட்டும் இருக்க வேண்டிய பை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் இந்த மதுக்கூடத்தில் டிஜே. உருகும் சோல், துள்ளும் ஸ்கா, இடுப்பைச் சும்மா விடாத ஃபங்க், மூச்சு விடாமல் பேசும் பழைய ஹிப்-ஹாப் என்று மூன்று மணி நேரம் இசைத்தட்டு சுழற்றுவார். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறினார்.

நாற்பத்திரண்டு இசைத்தட்டுகளும் பெட்டியில் பத்திரமாக இருந்தன. ஆனால் ஒன்றிலும் பாட்டின் பெயர் தெரியாது. பெயரின் மேல் வெள்ளைக் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டி, ஓர் எண் மட்டும் போட்டிருந்தார். எந்த எண் எந்தப் பாட்டு என்பது நோட்டுக்குத்தான் வெளிச்சம். அலைந்து பிடித்த அபூர்வத் தட்டுகளைப் போட்டி டிஜேக்களின் கண்ணிலிருந்து இப்படி மறைப்பது அந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

மெக்கானிக்கின் போட்டியாளர் இதோ, ஸ்பீக்கரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். மூன்று மாதமாக ஒரு வியாழன் தவறாமல் வருகிறார். ஒரு கை ஸ்பீக்கர் மேல், ஒரு கையில் குட்டி நோட்டு. யாரிடமும் பேச்சில்லை. அவ்வப்போது ஏதோ எழுதுவார். ஒரு தடவை மெக்கானிக் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "திருடித் திங்கறவங்க நல்லாவா இருப்பாங்க" என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் திரும்பக்கூட இல்லை. என்ன நெஞ்சழுத்தம். வயதில் பெரியவர் என்பதால் மனதுக்குள் மரியாதையாக 'ஒற்றர்' என்றே பெயர் வைத்திருந்தார்.

மதுக்கூட முதலாளி வந்து கவுண்டரில் சாய்ந்தார்.

"மெக்கானிக், ஞாபகம் இருக்குல்ல? எட்டரைக்குள்ள பத்துப் பேராவது எழுந்து ஆடணும். இல்லேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து வியாழக்கிழமை வினாடி வினா."

"ஆடுவாங்கய்யா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

ஹெட்ஃபோன் இல்லாமல் முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டை எடுத்துப் போட்டார். ஸ்கா வரும் என்று நம்பினார். வந்தது காதலியைப் பறிகொடுத்தவனின் சோல். எழுந்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி, மறுபடியும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் கைக்குட்டையைத் தேடினாள்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"நோட்டு இங்கதாங்க இருக்கு. எந்தப் பாட்டு வேணும்?"

"மச்சான்னு ஒண்ணு இருக்கும் பாரு. நம்பர் சொல்லு."

"நான் பாட்டைக் கேட்டேன்."

"அதான் பாட்டு. நோட்டு யார் கையில சிக்கினாலும் புரியக்கூடாதுன்னு, பாட்டுக்கெல்லாம் சொந்தக்காரங்க முறை வெச்சு எழுதியிருக்கேன்."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"இருபத்திரண்டு, மாமியார். 'மூச்சு விடாது, நடுவுல நிறுத்த முடியாது.' இது யாரு?"

"அது ஹிப்-ஹாப். நல்ல பாட்டும்மா, கூட்டமே கைதட்டும்."

"சரி. பதினாலு, பொண்டாட்டி. 'திடீர்னு நின்னுடும், பயப்பட வேண்டாம்.'"

போன் திடீரென்று நின்றது. மெக்கானிக் பயந்தார். மூன்று தடவை திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. மச்சானின் நம்பர் கடைசிவரை கிடைக்கவில்லை.

மணி எட்டு. அடுத்துப் போட்ட தட்டும் சோல். கவுண்டரில் பரிமாறும் பெண்ணே கொட்டாவி விட்டாள்.

அப்போதுதான் டார்ச் நினைவுக்கு வந்தது. தட்டின் வரிகளை வெளிச்சத்தில் பார்த்தால், கலங்கித் தெரியும் இடத்தில் தாளம் பலமாக இருக்கும். ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். வெளிச்சம் தட்டில் பட்டுச் சிதறி எல்லார் கண்ணிலும் அடித்தது. இரண்டு மேசைக்காரர்கள் எழுந்தார்கள். ஆட அல்ல, வீட்டுக்குப் போக.

ஒற்றரோ நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

எட்டு இருபது. வேலை போனாலும் போகட்டும், ரகசியம் போகக்கூடாது. மெக்கானிக் பெரிய ஸ்பீக்கரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தனக்கும் ஒற்றருக்கும் நடுவில், மரத்தரையில் குறுக்கே கிடத்தினார். கையில் வந்த தட்டைப் போட்டார்.

நல்லவேளையாக ஃபங்க். தரையில் கிடந்த ஸ்பீக்கர் பலகைகளையே உலுக்கியது. மேசைகளில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

"தரையைப் பேத்தெடுக்கப் போறீங்களா?" என்று முதலாளி ஓடிவந்தார்.

ஒற்றர் தரையைக் குனிந்து பார்த்தார். நோட்டைச் சட்டைப் பையில் போட்டார். ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார். பிறகு ஆடத் தொடங்கினார்.

அப்படி ஓர் ஆட்டத்தை மெக்கானிக் அந்தக் கூடத்தில் பார்த்ததில்லை. ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. கைக்குட்டைப் பெண் எழுந்தாள், தன் ஜோடியை இழுத்தாள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். மெக்கானிக் எண்ணிக்கொண்டே இருந்தார். எட்டு இருபத்தெட்டுக்குப் பதினொன்று.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அடுத்த வியாழனும் வாங்க. ஸ்பீக்கர் அங்கேயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரியையே ஆட வைத்தது தன் இசை. இந்த மனிதரிடமா மூன்று மாதம் ஒளித்து வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் அந்தத் தட்டின் காகிதத்தை நகத்தால் உரித்து, பெயர் தெரியும்படி அவரிடம் நீட்டினார்.

"எழுதிக்கோங்கய்யா. இனிமே உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன்."

ஒற்றர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நோட்டை எடுத்து எழுதினார். தாளைக் கிழித்துக் கவுண்டர் பெண்ணிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு இரண்டு பீர் ஊற்றி, ஒன்றை மெக்கானிக்கின் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு எதுக்கும்மா? பாட்டுப் பேரைத்தானே எழுதினாரு?"

"எந்தப் பாட்டுண்ணே? அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது, அந்த நோட்டு எங்கிட்ட ஆர்டர் சொல்றதுக்கு."