சங்கு அளந்த நான்கு நாட்கள்

என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன். மெதுவாகச் சொன்னால்தான் பயம் பிடிக்கும். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் பெரியதாழையிலிருந்து கிளம்பியவன் நான். மதுரையில் பஞ்சாலை, கொச்சியில் மூட்டை இறக்குவது, கொல்லத்து ஹோட்டலில் எச்சில் இலை (நான்கே நாள்) என்று சுற்றியதில் எந்த முதலாளியும் என்னை மனிதன் என்று கூப்பிட்டதில்லை. அதெல்லாம் பழகிவிட்டது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் பருவம். திரேஸ்புரம் கரையில் சர்க்கார் கொட்டகையில் எனக்கு வேலை கிடைத்தது. குளியாட்கள் முங்கி எடுத்துவரும் சங்கை, ஓட்டை போட்ட ஒரு பலகையில் விட்டுப் பார்க்கவேண்டும். ஓட்டைக்குள் நுழைந்தால் குட்டிச் சங்கு. அதை உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். நுழையாதது பெரியது. குளியாளுக்குக் கூலி அதற்குத்தான். (இதற்கு ஐந்தாம் வகுப்பே அதிகம் என்று நினைத்தேன்.)

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நேத்துக் குவியல்ல ஏழெட்டுச் சின்னது கலந்திருக்கு. கொஞ்சம் கவனிங்க. நாளைக்கு நானும் பக்கத்துல வந்து நிக்கிறேன்" என்றார்.

தம்பியாம்! கவனிங்களாம்! வேலையை விட்டு அனுப்பப்போகிறவர்தான் இத்தனை மரியாதை கொடுப்பார் என்று தீர்மானித்துவிட்டேன்.

பழகிப் பார்ப்பதற்காகப் பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். காபிக் கடையில் சோறு, இட்லி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வடையை வாங்கி ஓட்டைக்குள் விட்டேன். சுலபமாக நுழைந்தது.

"ஏலே, வடைக்குமா சர்க்கார் அளவு வச்சிருக்கு?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"சின்னதா இருக்கு அண்ணாச்சி" என்றேன், உண்மையான கவலையோடு.

தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் மேற்பார்வையாளர் என் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். ஒவ்வொரு சங்கையும் மூன்று முறை அளந்தேன். குளியாள் சவரிமுத்துவும் அவன் வள்ளத்து ஆட்கள் மூன்று பேரும் பசியில் முனகினார்கள். ஒருவழியாக முடிந்தது. "இன்னிக்கு ரொம்ப நல்லாப் பாத்தீங்க" என்றார் மேற்பார்வையாளர்.

திட்டுகூட அத்தனை கெடுதல் செய்திருக்காது. சுறுசுறுப்பைக் காட்டவேண்டுமே! குட்டிச் சங்குகளை நானே கடலில் விடுகிறேன் என்று கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகுத்துறை நுனிக்கு ஓடினேன். பின்னால் சவரிமுத்து, "ஏலே! ஏலே! ஏலே!" என்று கத்தினான். (உற்சாகப்படுத்துகிறான் என்று இன்னும் வேகமாக ஓடினேன்.) கவிழ்த்தேன். திரும்பிப் பார்த்தால், குட்டிச் சங்குக் கூடை கொட்டகையில் பத்திரமாக இருந்தது.

"நாலு பேரு காலையிலேருந்து மூச்சடக்கி எடுத்ததுல! அறிவுகெட்ட மூதி..." இதற்கு மேல் சவரிமுத்து சொன்னதை அச்சில் போடமுடியாது. என் பாட்டனுக்குப் பாட்டன் வரை போனான். ஆச்சரியம், இரண்டு நாளாக என்னைப் பிடித்திருந்த பயம் அந்த நிமிஷமே விட்டுப்போயிற்று.

நால்வரும் குதித்தார்கள். நானும் குதித்தேன். கலங்கல் தண்ணீரில் உருண்டையாக ஏதோ கைக்கு அகப்பட்டது. மேலே வந்து அதை உயர்த்திப் பிடித்து, "கிடைச்சிட்டு!" என்று கூவினேன். கரையே சிரித்தது. கையில் இருந்தது வாய் உடைந்த மண்பானை. சவரிமுத்துவின் தங்கை சூசையம்மாள் சிரித்த சிரிப்பில் அவள் இடுப்பிலிருந்த மீன்கூடை சரிந்தது.

பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசிச் சங்கு திரும்பக் கிடைத்தது. "நாளையிலேருந்து வரவேண்டாங்க" என்றார் மேற்பார்வையாளர். (அப்போதும் மரியாதை!)

துண்டைத் தோளில் போட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினேன். சவரிமுத்து மறித்தான். "இவனக் கரையில விட்டா ஊருக்கே ஆபத்து. நாளைக்கு வள்ளத்துல ஏறி என் கயித்தப் பிடில."

முங்குகிறவனின் உயிரே அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. "கை நடுங்கினா?" என்று கேட்டேன்.

"நடுங்குனா சொல்லு, திட்டுதேன்."

தினமும் திட்டினான். கை நடுங்கவே இல்லை. நான்கு பருவம் பிடித்தேன். நான் ஓரிடத்தில் அத்தனை காலம் இருந்தது அதுதான் முதல் தடவை. சூசையம்மாளை எனக்குக் கட்டிவைத்தவனும் அவனே.

அம்மாவுக்கு எப்படி இந்த மாப்பிள்ளை அமைந்தார் என்று பிள்ளைகள் இன்றும் கேட்பார்கள், பதில் தெரிந்தே. அவளும் அலுக்காமல் சொல்வாள்: "அன்னைக்குக் கடல்லேருந்து ரெண்டு ஓட்டப்பானை கரையேறிச்சு. ஒண்ணத் தூக்கிப் போட்டாங்க. இன்னொண்ண எங்க அண்ணன் என் தலையில கட்டிட்டான்."