எவ்வளவு காற்றோ அவ்வளவு மானியம்

சிரிக்க வைக்கிறேன். சத்தியமாக. ஆனால் இப்போதே இல்லை. முதலில் அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும். இல்லை, அதைச் செய்த கணக்காளரைப் பார்க்க வேண்டும். அதுவும் வேண்டாம், அவர் மனைவியைப் பார்த்துவிடலாம். மாடிப் படுக்கையறையில் இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர், மேலே ஒரு கம்பளி. உள்ளே எங்கேயோ அவள் இருக்கிறாள்.

அவளுக்கு ஒரே ஆசைதான். இந்தக் குளிர்காலத்திலாவது கைகால் விறைக்காமல் தூங்க வேண்டும்.

"என்னங்க, ஜன்னலை மாத்திடலாங்க. ரெட்டைக் கண்ணாடி போட்டா காத்தே வராதாம்."

"காத்தா? எங்க காத்து?" என்பார் கணக்காளர்.

'ஹூ... ஊ... ஊய்' என்று ஜன்னல் பதில் சொல்லும். திரைச்சீலை எழுந்து அவர் முகத்தில் அறையும்.

"இதுவா? இது காத்தோட்டம்மா! உடம்புக்கு நல்லது."

கல்யாணமான புதிதில், விடுமுறை நாளெல்லாம் இழைப்புளியோடு மல்லுக்கட்டி அவர் கையாலேயே செய்த ஜன்னல் அது. அதைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் தொங்கிவிடும். ஹீட்டர் பில் வரும் அன்று அதே முகம் இன்னும் ஒரு முழம் தொங்கும்.

சிரிப்பு வந்துகொண்டே இருக்கிறது, பொறுங்கள்.

ஒரு நாள் காலை, கீழே அடுக்களையில் மனைவி தன் அக்காவோடு போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். மாடியில் இருப்பவருக்குச் சொல் சொல்லாகக் கேட்கிற கிசுகிசுப்பு.

"ஆமாக்கா, மானிய ஆபீஸ்லேர்ந்து சனிக்கிழமை வர்றாங்க. எவ்வளவு காத்து உள்ள வருதோ அவ்வளவு பணமாம். ஓட்டை வீட்டுக்குத்தான் மவுசு! ஐயையோ, இவருகிட்ட மூச்சு விட்டுடாத. ஜன்னல்ல கை வெச்சா இவரு உசிரை விட்டுடுவாரு."

மாடியில் கணக்காளரின் மூளை கடகடவென்று ஓடியது. ஆள் வருவதற்குள் ஜன்னலைக் கழற்றிவிட வேண்டியது. புயலைக் காட்டிப் பணத்தைக் கறக்க வேண்டியது. ஆள் தெருமுனை திரும்பியதும் ஜன்னலைத் திரும்ப மாட்டிவிட வேண்டியது. பணமும் வீட்டுக்குள், ஜன்னலும் வீட்டுக்குள்! இவளுக்கு இதெல்லாம் தோன்றுமா?

சனிக்கிழமை வந்தது.

"என்னங்க, நான் கடைக்குப் போறேன். வர நேரமாகும்."

"மெதுவா வாம்மா. என்ன அவசரம்?"

"ஸ்க்ரூ டிரைவர் மேல்தட்டுல இருக்கு."

"ஸ்க்ரூ டிரைவரா? எனக்கெதுக்கு?"

"சும்மா சொல்லி வெச்சேன்."

கதவு சாத்தியதும் வேலை தொடங்கியது. திருகாணிகள் மசியவில்லை. "வாடா கண்ணா, கொஞ்ச நேரந்தான், அப்புறம் அப்பா திரும்ப மாட்டிடுறேன்" என்று கெஞ்சினார். 'க்ரீச்' என்று சட்டம் அழுதது. அவருக்கும் அழுகை வந்தது. கடைசியில் கொல்லையிலிருந்து கடப்பாரை வந்தது. ஒரு நெம்பு. மடார்! பெற்ற பிள்ளை இரண்டாகப் பிளந்து மடியில் விழுந்தது. போகட்டும், மானியப் பணத்தில் நல்ல பசையாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

மனைவியும் மானிய ஆபீஸ்காரரும் வாசலில் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். கணக்காளர் அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனார்.

"பாருங்க சார்! காத்தா இது? சூறாவளி! கூச்சப்படாம எழுதிக்குங்க!"

வந்தவர் ஆடி அசைந்து பேசுகிற ஆள். "அதாவது சார்... காத்துக்கெல்லாம் நாங்க பணம் தர்றதில்ல சார். புதுசா ரெட்டைக் கண்ணாடி ஜன்னல் நாங்களே மாட்டித் தருவோம், செலவுல பாதி நாங்க. மீதி நீங்க. அந்த மீதியும் ஹீட்டர் பில் குறையுறதுல நாலஞ்சு குளிர்காலத்துல திரும்பிடும். எல்லா வீட்டுக்கும் இதே கணக்குதான் சார்."

"அப்ப ஓட்டைக்கு?"

"ஓட்டைக்கு ஒண்ணும் கிடையாது சார்."

'ஹூ... ஊ... ஊய்' என்றது சுவர்.

மனைவி அவர் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "அந்தக் கட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்காகச் செஞ்சது. தலைமாட்டுல ஒரு பலகையா அடிச்சுக் குடுங்க."

கணக்காளருக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோனது. உடம்பும்தான். "சரி சரி, புது ஜன்னலே போட்டுத் தொலைக்கலாம்! அது வர்ற வரைக்கும் இந்தக் குளிர்ல எப்படி சார் தூங்குறது?"

"தூங்குறதுக்கு முன்னாடியே மாட்டிடுவோம் சார். கண்ணாடி கீழ வண்டியிலதான் இருக்கு. மேடம் போன வாரமே அளவு குடுத்துட்டாங்க. பழசைக் கழட்டுற கூலி மட்டும் வேணாம்னாங்க... அதுக்கு வீட்லயே ஒரு ஆள் இருக்காராம், சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவாராம்."