கெர்டாவின் சுருட்டும் காற்றுத் தூய்மைத் துணைக்குழுவும்

பொதுவாழ்வுக்குத் தன் மூக்கையே அர்ப்பணித்த மாமனிதர் என்று யாரையாவது சொல்லலாம் என்றால், அது ஆல்போர்க் நகரத்து பிரேபென் ஹோல்ம் ஒருவரைத்தான். தொழிலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மூக்கின் மேல் வைப்பதை விற்றுப் பிழைத்தார். மூக்கால் செய்தது முழுக்க முழுக்கச் சேவை.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் அவர் வீடு. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சங்கம் ‘பசுமைக் குளிர்காலத் தீர்மான’த்தை ஒருமனதாக நிறைவேற்றியிருந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது. ஆகவே நம் கட்டடமாவது குளிரட்டும் என்பது அதன் சாரம். வெப்பக் குழாய்களின் சூட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். கட்டடத்தில் கடைசியாகக் கொஞ்சம் சூடு பிறந்தது அப்போதுதான்.

டிசம்பரில் கடற்காற்று ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே வந்து குடித்தனம் வைத்தது. பிரேபென் வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, கறுப்பு ரொட்டியில் ஊறவைத்த மீனை வைத்துச் சாப்பிட்டார். பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டதால் மெல்லும் சிரமம் மிச்சம்.

இந்த நேரத்தில்தான் சங்கத்தில் புகைச்சல் கிளம்பியது. கிளப்பியவர் செயலாளர் லோனே. அவர் மேல்மாடியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்.

“மூச்சை நல்லா உள்ளே இழுங்கன்னு சொல்றேன், பிரேபென். இழுத்தா சுருட்டு வாசனை வருது. போன வாரம் ஒருத்தர் இழுத்த மூச்சை விடவே மாட்டேன்னுட்டார்.”

“எங்கேருந்து வருது?”

“வேற எங்கேருந்து? கெர்டா வீட்டுலேருந்துதான்.”

மூன்றாம் மாடி கெர்டா ஒரு காலத்தில் சரக்குக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி அனுப்பும் வேலையில் இருந்த பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டடத்திலேயே விறகுக் கணப்பு இருந்த வீடு அவருடையது ஒன்றுதான். பனிக்காலத்து மாலைகளில் அதன் முன் காலை நீட்டி உட்கார்ந்து ஒரே ஒரு சுருட்டு பிடிப்பார். அவருக்கு இருந்த சொந்தபந்தம் எல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான்.

சங்கம் உடனே ‘காற்றுத் தூய்மைத் துணைக்குழு’ அமைத்தது. தலைவர் பிரேபென், செயலாளர் லோனே, உறுப்பினர், சங்கத்தின் பொருளாளரான டோர்கில். மூன்று பேரும் தடித்த கோட்டுகளோடு போய் மணியை அழுத்தினார்கள்.

“உங்க வீட்டுப் புகையை ஆய்வு பண்ண வந்திருக்கோம், கெர்டா,” என்றார் பிரேபென், சட்டபூர்வமான குரலில்.

“தாராளமா பண்ணுப்பா. எல்லாரும் ஷூவைக் கழட்டிட்டு வாங்க. கதவைச் சாத்துங்க, சூடு போயிடும்.”

சூடு என்ற சொல்லைக் கேட்டதும் துணைக்குழு தன் முதல் முடிவை ஒருமனதாக எடுத்தது: மூவரும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே கணப்பு சடசடவென்று எரிந்தது. காப்பியும் பட்டை மணக்கும் பிஸ்கட்டும் வந்தன. டோர்கிலின் காதுகள் பல வாரங்களுக்குப் பிறகு சிவந்தன. பிரேபென் கடமை தவறாமல் மோந்தார்.

“என்ன தெரியுது?” என்று கேட்டார் கெர்டா.

“ஒரு நாள் மோந்துட்டு எப்படிங்க முடிவு சொல்றது?” என்று குறுக்கிட்டார் டோர்கில், கணப்புக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கியபடி. “விஞ்ஞானம்னு ஒண்ணு இருக்கில்ல? நாளைக்கும் வரணும்.”

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். பிறகு, புகையை வெளியிலிருந்து மட்டும் ஆராய்வது ஒருதலைப்பட்சம் என்று லோனேதான் முதலில் கண்டுபிடித்தார். கெர்டா சுருட்டுப் பெட்டியை நீட்டினார். பிரேபென் ஒன்றைப் பற்றவைத்து, கண்ணில் நீர் வர இருமினார்.

“உள்ளே இழுக்காதேப்பா. வாயிலேயே கொஞ்சம் வெச்சிருந்து விடு. யாரைப் பத்தியோ ஒரு விஷயம் தெரிஞ்சும் சொல்லாம இருக்கிற மாதிரி.”

லோனே இழுப்பதே இல்லை என்றார். “நான் வெளிமூச்சு மட்டும்தான் விடறேன். அது எங்க பயிற்சியிலேயே உண்டு.”

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆய்வு தளராமல் நடந்தது. நடுக்கடலில் கப்பலின் சமையல்காரருக்குத் தந்தியிலேயே பெண் பார்த்த கதையை கெர்டா சொன்னபோது டோர்கில் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். ஒரு நாள் மற்ற இருவருக்கும் ஜலதோஷம். பிரேபென் மட்டும் வந்தார்.

“இங்கதான் வந்து உக்காந்திருக்கே. உன் வீட்டுல யாரும் தேட மாட்டாங்களா?” என்றார் கெர்டா.

“விவாகரத்துக்கு அப்புறம் அந்த வீட்டு மணியை அழுத்தினது தபால்காரர் மட்டும்தான்.”

கெர்டா எழுந்தார். கணப்பில் இன்னொரு கட்டையைப் போட்டார். அன்று பிரேபென் ஆய்வை வெகுநேரம் நீட்டித்தார்.

மார்ச் முடிவில் வெயில் வந்தது. கூடவே சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் வந்தது. துணைக்குழு அறிக்கை தர வேண்டும்.

“தினமும் போயிருக்கோம்,” என்று கிசுகிசுத்தார் டோர்கில். “ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா, அப்ப எதுக்குய்யா போனீங்கன்னு கேப்பாங்க.”

“கேட்டா?” என்றார் பிரேபென்.

“அதனாலதான் சொல்றேன். ஏதாவது இருந்தாகணும்.”

அறிக்கை உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. அந்த வீட்டில் சில மாலைகளில் எதிரே இருப்பவர் முகம் தெரியாத அளவு புகை மண்டியிருந்ததைத் துணைக்குழு நேரில் கண்டதாக லோனே வாசித்தார். நான்கு சுருட்டு எரிந்தால் அப்படித்தான் இருக்கும் என்ற விவரம் இடம் கருதி விடப்பட்டது. கட்டடத்துக்குள் சுருட்டு பிடிக்கத் தடை என்று தீர்மானம் வந்தது. கைகள் உயர்ந்தன. கெர்டா பிரேபெனைப் பார்த்தார். பிரேபென் கூரையைப் பார்த்தார். பிறகு அவர் கையும் உயர்ந்தது.

கூட்டம் முடிந்ததும் அவர் கெர்டாவிடம் போனார். “தலைவர்ங்கிற முறையில தூக்கினேன். தனிப்பட்ட முறையில எனக்கு வருத்தம்தான், கெர்டா.”

“தெரியுதுப்பா. மத்தவங்க கையைவிட உன் கை மெதுவாத்தான் போச்சு.”

கெர்டா சட்டத்தை மதிப்பவர். அன்றிலிருந்து வீட்டில் சுருட்டைத் தொடவில்லை. கோடையில் துறைமுகத்துப் பலகையில் தனியாக உட்கார்ந்து பிடித்தார். அந்தப் பக்கம் போக நேர்ந்த நாட்களில் பிரேபென் எதிர்ச்சாரியில் நடந்தார்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. பசுமைத் தீர்மானம் மறுபடி அமலுக்கு வந்தது. மூன்றே நாளில் துணைக்குழுவுக்குக் கடமையுணர்ச்சி பொங்கிவிட்டது. பரணிலிருந்து தடித்த கோட்டுகளை இறக்கி மாட்டிக்கொண்டு, மூவரும் மூன்றாம் மாடிக்கு ஏறி மணியை அழுத்தினார்கள்.

கெர்டா சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். இடுக்கு வழியாக வெதுவெதுப்பு வந்து அவர்கள் முகத்தைத் தொட்டது.

“ஆய்வுக்கு வந்திருக்கோம்,” என்றார் பிரேபென்.

“எதை ஆய்வு பண்ண? இங்கதான் புகையே இல்லையே.”

பிரேபென் மூக்கை உயர்த்தினார். அந்த அனுபவம் மிக்க மூக்கு விரிந்தது, ஒரு கணம் நின்றது, மறுபடி விரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“வாசனை வருது, கெர்டா! லேசாத்தான், ஆனா நிச்சயமா வருது. தடையை மீறியிருக்கீங்க. உள்ளே வந்து உக்காந்து விரிவா பார்த்தாகணும்.”

“எனக்கும் வருது,” என்றார் லோனே. “எனக்கும்தான்,” என்றார் டோர்கில், ஷூவின் கயிற்றை அவிழ்த்தபடி.

கெர்டா இடுக்கு வழியே முகத்தை நீட்டி, பிரேபெனின் கோட்டுக் காலரை மோந்தார். பிறகு லோனேயுடையதை. குனிந்திருந்த டோர்கிலுடையதையும் விடவில்லை.

“ஆமா, வருது. போன வருஷத்து வாசனை,” என்றார். “கோட்டைத் துவைக்கவே இல்லையா நீங்க?”

கதவு சாத்திக்கொண்டது. காற்றுத் தூய்மைத் துணைக்குழு தொடங்கப்பட்ட நாளிலிருந்து, குற்றவாளிகள் கையும் களவுமாகப் பிடிபட்டது அன்று ஒரு நாள்தான்.