என் பேர்ல ஒரு மின்மினி

எங்க வத்தலக்குண்டு பக்கம் ஒரு விஷயம் நெசமா பொய்யான்னு தெரியுறதுக்கு முன்னாடி பிளெக்ஸ் வச்சிருவாங்க. காதுகுத்துக்கு வைப்பாங்க, கல்யாணத்துக்கு வைப்பாங்க. எனக்கு வச்சது ஒரு பூச்சிக்காக.

அப்ப நான் திண்டுக்கல்ல எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருசம். எங்க தென்னந்தோப்புல எத்தனை வகை மின்மினி இருக்குன்னு பிரிச்சு எழுதணும், அதான் புராஜெக்ட். நான் பிரிச்ச லட்சணம்: பெருசு, சின்னது.

புராஜெக்ட் பாக்குற எங்க சார் அதப் பாத்துட்டு, "இதென்ன வடையா? இந்த வாரத்துக்குள்ள உருப்படியா ஏதாச்சும் காட்டு. இல்லன்னா டாபிக்க மாத்திட்டு ஹாஸ்டல் சாக்கடையில கொசுப்புழு எண்ணு"ன்னுட்டாரு.

(அந்தச் சாக்கடைய நீங்க பாத்ததில்ல. பாத்திருந்தா எனக்காக அழுதிருப்பீங்க.)

அன்னைக்கு சாயங்காலமே தோப்புக்கு ஓடுனேன். தூறல் விட்ட நேரம், மட்டைக்கு மட்டை மினுக்குது. கெணத்து மேட்டுல வலைய வீசுனேன், ஒண்ணு சிக்குச்சு. மின்மினி ஈ கிடையாது பாஸ், வண்டு ஜாதி. மேல் இறக்கை ரெண்டும் ஓடு மாதிரி மூடியிருக்கும், தலைக்கு மேல ஹெல்மெட் கணக்கா ஒரு தகடு. வயித்தத் திருப்புனா வளையம் வளையமா கட்டு, அதுல கடைசி ரெண்டும் எரியுது, அப்ப ஆண். (எங்க தோப்பு வகையில பொண்ணுக்கு ஒரு கட்டுதான் எரியும். க்ளாஸ்ல என் காதுல விழுந்தது இது ஒண்ணுதான்.) எல்லாம் சரி. ஆனா இடது இறக்கையில பளபளன்னு ஒரு செவப்புப் பொட்டு! புத்தகத்துல ஒரு மின்மினிக்கும் அப்பிடி இல்ல. (படிச்சேன்னு சொல்லல, படம் பாத்தேன்.)

"அப்பா, புது இனம்! உலகத்துலயே யாரும் பாத்ததில்ல. என் பேர்தான் வைப்பாங்க!"

அப்பா லேசுல சிரிக்காத மனுசன். "ஏலே, நெசமாவா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. மறுநாளே பஸ் ஸ்டாண்டு முக்குல பிளெக்ஸ். கூலிங்கிளாஸோட நான், பக்கத்துல என் உசரத்துக்கு மின்மினி. "உலகை ஒளிர வைத்த எங்கள் தங்கமே!" கீழ சித்தப்பா, மாமான்னு தலை தலையா சொந்தக்காரங்க.

ஞாயித்துக்கெழம பூச்சியப் பாக்க வந்த சார் பஸ்ஸ விட்டு எறங்குனதே அந்த பிளெக்ஸுக்குக் கீழதான். கூடவே என் க்ளாஸ்மேட் ஜான்சி. மின்மினி எங்கருந்து எங்க போகுதுன்னு அவளுக்கும் எங்க தோப்புலதான் புராஜெக்ட்.

வீட்டுல சொந்தம் பூரா கூடியிருக்கு. அம்மா கேசரி கிண்டி வச்சிருக்காங்க. நான் கெத்தா பாட்டில நீட்டுனேன். சார் லென்ஸ் வச்சுப் பாத்தாரு. அப்புறம் அந்தப் பொட்ட நகத்தால லேசா ஒரு சுரண்டு.

புது இனம் உரிஞ்சு வந்துருச்சு.

சார் தன் நகத்துல ஒட்டுன செவப்பப் பாத்தாரு. மெதுவா ஜான்சி கையப் பாத்தாரு. அஞ்சு வெரல்லயும் அதே செவப்பு.

"சார், அது என் பூச்சி"ன்னா ஜான்சி. "திரும்பப் புடிச்சா அடையாளம் தெரியணும்ல, அதான் நெயில் பாலீஷ் வச்சு விட்டேன். க்ரூப்புலகூட போட்டேனே!"

(க்ரூப்ப நான் எப்பவோ ம்யூட்ல போட்டாச்சு.)

அப்பா ஜான்சியக் கை காட்டி சார்ட்ட கேட்டாரு. "ஏம்ப்பு, அப்ப இந்தப் புள்ள பேரத்தான வைக்கணும்?"

சாருக்குக் கேசரி பொரை ஏறிருச்சு. அம்மா சிரிச்ச சிரிப்புல கரண்டி கீழ விழுந்துச்சு. ஜான்சி மட்டும் சிரிக்கல. "டேய், இத எங்க புடிச்ச? கெணத்து மேட்டுலயா? நான் விட்டது ரோட்டோரம்டா! அம்புட்டு தூரம் வந்திருக்கா?"ன்னு குதிக்குறா. அவளுக்கு மார்க்கு, எனக்குக் கொசுப்புழு.

அதுலருந்து நான் வீட்டுக்கு எது கொண்டு வந்தாலும் ஒரு சுரண்டு உண்டு. கத்திரிக்காய், புதுச் சட்டை, செல்போன், எதுவும் தப்பல. போன மாசம் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. சொந்தக்காரங்க முன்னாடி அப்பா கையில குடுத்தேன். மனுசன் ஒரு வரி படிக்கல. நேரா அந்த வட்ட முத்திரைய நகத்தால ஒரு சுரண்டு சுரண்டி, நகத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு.

"ஒட்டல. நெசந்தான். எலையப் போடுங்க."