குளவிக்கூட்டுக்கு எதிரே

பெயருக்கு வரலாறும் ஊருக்குச் சின்னமும் இல்லாத இடத்தில் மனிதர் வசிக்க முடியாது என்பது அரசாங்கத்தின் உறுதியான கொள்கை. றக்வான மலைத் தேயிலைத் தோட்டத்தில் கீழ்க்கணக்குப் பிரிவின் லயத்து வரிசை வீட்டு மக்கள் நான்கு தலைமுறையாக இந்தக் கொள்கையை மீறி வசித்து வந்தார்கள்.

கொழுந்து பறிக்கும் ஜீவராணிக்கு வேண்டியது ஒரு முகவரி. போன வருஷம் மகள் விஜயகலாவுக்கு வந்த நேர்முகக் கடிதம் தோட்டத்து ஆபீஸில் படுத்துறங்கி, நேர்முகம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. பிள்ளையின் வாத்தியார் வேலைக் கனவு இந்த வருஷமும் அப்படிப் போனால் அவளால் தாங்க முடியாது.

முகவரி பதிய வந்த அரசாங்க அலுவலர் அக்ரம் படிவத்தை விரித்தார்.

"கீழ்க்கணக்குன்னு ஏன் பேர் வந்தது?"

"மேல்கணக்குக்குக் கீழ இருக்குதுங்க சேர்."

"இதுல வரலாறு இல்லையே. ராஜா யாராவது இங்க வந்திருக்கணும்."

"பஸ்ஸே ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருதுங்க."

"வந்தாருன்னு போடுறேன். எந்த ராஜான்னு குழு தீர்மானிக்கும். சரி, ஊர்ச் சின்னத்துக்கு உத்தியோகபூர்வப் பூச்சி?"

"எங்களுக்குத் தெரிஞ்சது குளவிதாங்க. எதிர்ப் பலா மரத்துல கூடு. கலைக்கச் சொல்லி எத்தனையோ தடவ எழுதிட்டோம். போன கெழமைகூட ஒம்பது பேரைக் கொட்டிருச்சு."

அக்ரமின் முகம் மலர்ந்தது. 'சகல குடும்பங்களுடனும் நேரடித் தொடர்புடையது' என்று எழுதி அடிக்கோடிட்டார். ஆதாரமாக ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. சின்னத்துக்கு நிலையான வதிவிடம் அவசியமாகையால் குளவிக்கூட்டுக்கு இலக்கம் ஒன்று வழங்கப்படுகிறது. மனிதர்களின் முகவரி, 'மேற்படி கூட்டுக்கு எதிரே'. கூடு கலைந்தால் முகவரி ரத்து. கூட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவி ஜீவராணி.

விஜயகலாவின் கடிதம் நேரத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டது. தபால்காரர் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து, கொடுத்த கையோடு ஓடினார். ஜீவராணி சந்தோஷத்தில் அழுதாள். முதல்நாள் குளவி கொட்டி வீங்கிய கண்ணில் கண்ணீர் வரத்தான் கொஞ்சம் நேரமானது.

அதன்பிறகு மரத்தடியில் யாரும் புகை போடவில்லை. கொட்டு வாங்கியவர்கள்கூட, "நல்லவேளை, கூடு இன்னும் இருக்குது" என்று நிம்மதியோடு வீடு திரும்பினார்கள்.

ஒருநாள் மேல்கணக்குத் தலைவர் கந்தையா வெறும் சாக்கோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"எங்களுக்கும் முகவரி வேணும் தங்கச்சி. எங்க பக்கம் குளவியே இல்ல. சின்னக் கூடா ஒண்ணு குடுத்தா புண்ணியமாப் போகும்."

வீக்கமில்லாத அவர் முகத்தை ஜீவராணி ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுத்துல குடுங்கண்ணே. மூணு பிரதி. அடுத்த கெழம வாங்க, பாப்போம்."