துண்டண்ணைக்குத் திரும்பி வந்த வரி

“காசு வந்தால் சொல்லவும். வராவிட்டாலும் சொல்லவும்.”

ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு வாசல் படலையில் செருகியிருந்த கடதாசித் துண்டில் இப்படித்தான் எழுதியிருந்தது. கீழே கையொப்பம், அதற்குக் கீழே திகதி, அதற்கும் கீழே “பெற்றுக்கொண்டவர்” என்று எனக்காக ஒரு கோடு. நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தபின் பிரதி ஒன்று எனக்கும் தந்தார். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அரியாலையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரைத் துண்டண்ணை என்றுதான் அழைத்தது. எழுத்தில் ஒரு துண்டு இல்லாமல் ஒரு சதமும் கைமாற விடாத மனிதர் குடாநாட்டிலேயே அவர் ஒருவர்தான் என்று நான் எழுதினால் மறுக்க எவரும் வரமாட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். முடிவெட்டுகிறவர் ரசீது வைத்திருப்பதில்லை என்பதால் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போவார்: “தலை ஒன்று வெட்டிய வகையில் பெற்றுக்கொண்டேன்.” அந்த மனிதர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒப்பமிட்டார்.

தனியார் பேருந்தில் ஒருமுறை நடத்துநர் துண்டு கொடுக்கவில்லை. துண்டண்ணை இறங்கவில்லை. இறங்கவேண்டிய அரியாலை போய்விட்டது. கடைசியில் நடத்துநர் சிகரட் பெட்டி அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்த இடம் கைதடி என்பார் சிலர், சாவகச்சேரி என்பார் சிலர். இரு தரப்பையும் விசாரித்தேன். நாவற்குழிப் பாலம் தாண்டியது மட்டும் நிச்சயம்.

“கலியாண எழுத்துத் துண்டு இல்லாட்டி இந்த மனுசன் என்னையே வீட்டுக்குள்ளை விட்டிருக்காது” என்பார் அவருடைய மனைவி மணியக்கா.

இப்படிப்பட்டவருக்குத்தான் வருமான வரி திரும்பி வரவேண்டியிருந்தது. அவருடைய நிலையான வைப்பின் வட்டியில் வங்கி வரியைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தது. அவருடைய மொத்த வருமானமோ வரி கட்டும் அளவுக்கு எட்டவேயில்லை. கேட்டால் திருப்பித் தருவார்கள் என்று நான்தான் வாய்விட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை.

அந்தக் காசு வந்துதான் கூரை மாற்றவேண்டும். போன மாரியில் கூரை ஒழுகி அவர்களுடைய கட்டில், அறையிலிருந்து விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து குசினிக்கும் இடம்பெயர்ந்தது. ஈரம் பிடித்து மணியக்காவுக்கு மூச்சு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்துதான் மீண்டார். வைப்பை உடைக்கலாமே என்றேன்.

“உடைச்சால் வட்டி போயிடும். பிறகு அவவின்ரை மருந்துக்கு ஆரிட்டைப் போறது?” என்றார் துண்டண்ணை.

என் கணினியில் விண்ணப்பத்தை நிரப்பினோம். வங்கிக் கணக்கு இலக்கம் என்ற இடம் வந்தபோது வங்கிப் புத்தகத்தைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“புத்தகம் என்னத்துக்கு? நித்திரையிலை தட்டி எழுப்பிக் கேளும், சொல்லுவன்.”

தேவாரம்போல ஒரே மூச்சில் ஒப்புவித்தார். நானும் தட்டினேன்.

காசு நேரே கணக்கில் விழும், கையில் துண்டு எதுவும் தரமாட்டார்கள் என்று சொன்னபோதுதான் அவருடைய முகம் மாறியது. “துண்டில்லாமல் வாற காசு வந்ததெண்டு எப்பிடித் தம்பி தெரியும்?”

விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இணையத்தில் பார்க்கலாம் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். அன்று முதல் ஒவ்வொரு விடியலும் படலையில் சைக்கிள் மணி.

“என்ன தம்பி, என்ன சொல்லுது?”

“பரிசீலனையிலை எண்டு கிடக்கு அண்ணை.”

“நேற்றும் அதைத்தானே சொன்னது. ஆர் பரிசீலிக்கினம்? ஒருவேளை ஆள் லீவோ?”

அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தரச் சொன்னார். மறுநாளும் கேட்டார். மாறாத ஒரு சொல்லை நாள்தோறும் அச்சடித்துக் கோவையில் போட்ட மனிதர் உலக வரலாற்றில் வேறு உண்டா என்று தேடிப் பார்க்கலாம். அவருடைய போனில் மணி ஒலித்தால் மணியக்கா அடுப்பைவிட்டு ஓடிவருவார். புடவைக் கடைத் தள்ளுபடியாக இருக்கும். ஒருமுறை அதற்கும் துண்டண்ணை “காசு எப்ப வரும்?” என்று பதில் அனுப்பியிருந்தார்.

ஆவணி போய்ப் புரட்டாதி பிறந்தது. கூரை வேலைக்காரர் வந்து பார்த்து, முற்பணம் தந்தால் உடனே ஏறுவதாகச் சொல்லிப் போனார். துண்டண்ணை ஒரு கண்ணால் போனையும் மறுகண்ணால் வானத்தையும் பார்த்தபடி இருந்தார். சாப்பாடு குறைந்தது. நானும் இரவுகளில் எழுந்து எழுந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வாயைத் திறந்தவன் நானல்லவா!

புரட்டாதிக் கடைசியில் ஒரு காலை திரையில் சொல் மாறியிருந்தது: பணம் அனுப்பப்பட்டது.

இருவரும் சைக்கிளில் டவுனுக்குப் பறந்தோம். வங்கியில் இருந்த பெண்பிள்ளை அவருடைய புத்தகத்தை இயந்திரத்தில் விட்டு எடுத்தது. “ஒண்டும் வரேல்லை ஐயா.”

“வடிவாப் பாரும் பிள்ளை. அனுப்பியாச்செண்டு அவை சொல்லினம்.”

“இதுக்கு வரேல்லை ஐயா.”

அவருடைய உதடு உலர்ந்துவிட்டது. அந்த நிலையிலும் கேட்டார்: “அப்ப, வரேல்லை எண்டு ஒரு துண்டு தாறீரோ?”

பிள்ளைக்குப் பாவமாகப் போயிருக்கவேண்டும், எழுதத் தொடங்கியது. “கணக்கு நம்பரைச் சொல்லுங்கோ.”

அவர் ஒப்புவித்தார். பிள்ளை எழுதி, புத்தகத்தைப் பார்த்து, அவரையும் பார்த்தது. “ஐயா, புத்தகத்திலை ஒரு நம்பர் கிடக்கு. நீங்கள் வேறை ஒண்டெல்லோ சொல்லுறியள்?”

அவர் புத்தகத்தை இழுத்து இலக்கத்தைப் பார்த்தார். பிள்ளை அந்த எண்ணைக் கணினியில் தட்டியது. “இது எங்கடை கொடிகாமக் கிளைக் கணக்கு. கனகாலம் பாவிக்கேல்லைப் போலை. ஆனால் காசு விழுந்திருக்கு!”

வெளியே மதிலோடு சாய்ந்து நின்று சொன்னார். யுத்தத்தில் ஊர் முழுவதும் பாலம் கடந்து போன அந்த இடப்பெயர்வில், கொடிகாமத்தில் இருந்தபோது திறந்த கணக்கு அது. ஊருக்குத் திரும்பியும் சில காலம் சம்பளம் அதில்தான் விழுந்தது. “வீட்டிலை வைச்ச துண்டெல்லாம் அந்த ஓட்டத்திலை போச்சுத் தம்பி. காணி உறுதிப்பத்திரம்கூட. புத்தகமும் துலைஞ்சால் என்ன செய்யிறது? அதுதான் நம்பரைப் பாடமாக்கினன். புது நம்பரைப் பாடமாக்கத் தேவை வரேல்லை.”

கணக்கை எழுப்ப, அதைச் சேர்ந்து திறந்த இருவரும் அந்தக் கிளைக்குப் போகவேண்டும் என்றார்கள். மறுநாள் மணியக்காவையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினோம். வானம் கறுத்திருந்தது. மடியில் கடதாசி வைத்துக் கையொப்பம் பழகியபடி வந்தார் துண்டண்ணை. மணியக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி மெல்ல இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் அவருடைய பேனை நின்றது.

கொடிகாமத்து அலுவலர் பழைய கையொப்ப அட்டையை எடுத்து வைத்தார். மணியக்காவின் கையொப்பம் முதல் தரமே பொருந்தியது. துண்டண்ணை மூன்று தரம் வைத்தார்.

“ஐயா, குறை நினையாதேங்கோ. மூண்டும் மூண்டு ஆள் வைச்ச மாதிரிக் கிடக்கு.”

ஊரிலுள்ளவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கிய மனிதர் தன் கையெழுத்து வராமல் வியர்த்துப்போய் இருந்தார். வெளியே ஓட்டில் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டது. மணியக்கா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சை பாருங்கோ. அண்டைக்கு நீங்கள் இருந்துகொண்டோ வைச்சனீங்கள்? சனம் நெரிஞ்சுது. கதிரை இல்லை. நிண்டெல்லோ வைச்சனீங்கள். எழும்புங்கோ.”

அவர் எழுந்தார். மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்தார். மணியக்கா, யாரோ பின்னாலிருந்து தள்ளாமல் மறிப்பதுபோல அவருடைய முதுகோடு ஒட்டி நின்றுகொண்டார். பேனை ஒரே இழுப்பில் ஓடியது. அலுவலர் அட்டையோடு வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

காசை எடுத்தோம். துண்டும் தந்தார்கள். கொஞ்சத்தை மட்டும் எடுக்காமல் அவர் அலுவலரிடம் சொன்னார்: “மூடவேண்டாம் பிள்ளை. கிடக்கட்டும்.”

ஐப்பசி மழை வலுக்குமுன் கூரை முடிந்தது. “இந்த மாரிக்கு ஒழுகாது” என்று வேலைக்காரரிடம் எழுதி வாங்கினார். ஒழுகவுமில்லை. கட்டிலும் அறைக்குத் திரும்பியது.

அதற்கு அடுத்த வருடம் கனடாவிலிருக்கும் அவர்களுடைய மகள், இருவரையும் அங்கே கூப்பிட்டுவிட்டாள். வீட்டுச் சாவியை என்னிடம் தந்தார், துண்டோடுதான்: “சாவி ஒன்று.” மழை பெய்தால் போய்த் திறந்து பார்க்கிறேன். தரை காய்ந்துதான் கிடக்கிறது. படம் எடுத்து அனுப்புவேன். “திகதி போடும்” என்று பதில் வரும்.

அந்தக் கொடிகாமக் கணக்கு இன்னும் இருக்கிறதா, மூடிவிட்டார்களா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. வங்கியில் எனக்குச் சொல்லமாட்டார்கள். அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனால் எந்தப் படிவத்திலாவது கணக்கு இலக்கம் என்ற இடம் வந்தால், என்னுடையதற்கு முன் அவருடைய எண்தான் எனக்கு வாயில் வருகிறது.