மகள் மாதிரி

மனிதர்களில் உபகுழுவார் என்று ஓர் இனம் உண்டு. அடுத்த வீட்டில் தீப்பிடித்தால் நீங்களும் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அவர் ஓட மாட்டார். வாளிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு உபகுழு அமைத்து, இரண்டும் ஒன்றையொன்று குறை சொல்லாமலிருக்க மூன்றாவதாக ஒன்றும் அமைத்துவிட்டு, அப்பாடா என்று உட்காருவார்.

அந்த இனத்தில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்குத் தேசியத் திட்டம் தீட்டும் குழுவுக்கு அவர் தலைவர், நான் குறிப்பெடுக்கிறவன்.

முதல் மூன்று மாதம் பெயரிலேயே போயிற்று. "குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புன்னா பிள்ளைங்களையே ஒழிச்சுக் கட்டுற மாதிரி இருக்கேய்யா!" என்றார். நியாயம்தானே? போட்டார் ஓர் உபகுழு. அது 'நீக்கம்' என்றது. சீட்டுக் கிழிக்கிற மாதிரி இருக்கிறதாம். 'அகற்றல்' என்றார்கள். குப்பை ஞாபகம் வருகிறதாம். சுற்றிச் சுற்றி 'ஒழிப்பு'க்கே வந்து சேர்ந்த அன்று எல்லோரும் கைதட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அவருக்குப் பிடித்த வார்த்தை 'மாதிரி'. மாதிரி மாவட்டம், மாதிரிப் பள்ளி, மாதிரிப் படிவம். வாயைத் திறந்தால் ஒரு மாதிரி வந்து விழும். ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நிஜமாகவே கண் கலங்குவார். அந்தக் கலக்கத்தில்தான் ஒன்பதாம் விதியை எழுதினார். வீட்டிலிருக்கும் பிள்ளை மகன், மகள் என்றால் ஒரு வாரத்துக்குள் பள்ளியில் சேர்க்க வேண்டும்; வேலையாள் என்றால் வழக்கு.

"நடுவுல ஒரு சந்து பொந்து இருக்கக் கூடாது!" என்று மேஜையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து என் குறிப்பெல்லாம் நனைந்தது.

படிவத்தை வெள்ளோட்டம் பார்க்க வேண்டுமே! "என் வீட்டுலயே ஆரம்பிங்க," என்றார் பெருந்தன்மையாக. திங்கட்கிழமை கணக்கெடுக்கும் பெண்ணும் நானும் போனோம். கூடத்து ஓரத்தில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்து, அவர் மகளுடைய ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு சார்?"

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா."

"மாதிரின்னு கட்டம் இல்லை சார். ரெண்டே கட்டம்தான். மகளா, வேலையாளா?"

உபகுழுவார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சரி... மகள்னே போட்டுக்கோம்மா."

"என்னது?" என்றது சமையலறை. கூடவே ஒரு கரண்டியும் விழுந்தது.

கணக்கெடுக்கும் பெண் அசரவில்லை. சிறுமியிடம் திரும்பி, "பள்ளிக்கூடம் போறியா கண்ணு?" என்று கேட்டாள்.

"தினமும் போறேன்க்கா."

உபகுழுவாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எத்தனாவது படிக்கிறே?"

"படிக்கலக்கா. கேட்டு வரைக்கும் போவேன். பாப்பாவோட பையைக் கொடுத்துட்டு வந்துடுவேன்."

கணக்கெடுக்கும் பெண்ணின் பேனா அதை எழுதிக்கொண்டது. சிறுமி ஷூவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "மகள்னு எழுதிட்டா, என்னை உள்ளே விடுவாங்களாக்கா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சேர்க்கை இருக்கு. உங்க ஐயாவே வந்து சேர்ப்பாரு. விதியே அவர் எழுதினதுதானே," என்றாள் அவள். சிறுமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைக் குறிப்பில் எழுத எனக்கு இடமில்லை.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம். தலைவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மனித உறவுகளை இரண்டே கட்டத்தில் அடைப்பது மனிதாபிமானமாகாது. ஆகவே மூன்றாவதாக ஒரு கட்டம். அதன் பெயர் 'மாதிரி'. அதற்கு விதி எதுவும் கிடையாது; அதை ஆராய உபகுழு உண்டு. அறையிலிருந்த அத்தனை கைகளும் மளமளவென்று உயர்ந்தன. குறிப்பெடுக்கிறவனுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனாலும் நானும் தூக்கினேன். எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள், தங்கை மாதிரி. தூக்கிய கையை இறக்கி 'ஒருமனதாக' என்று எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் தலைவர் வீட்டுச் சிறுமி பள்ளிக்குப் போனாள். பையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

படிவம் அச்சாகிவிட்டது. சீக்கிரமே உங்கள் வீட்டுக்கும் வரும். சிரித்துக்கொண்டே படித்தீர்கள் அல்லவா? நல்லது. 'பள்ளிக்கூடம் போறியா?' என்று கேட்கும்போது மட்டும் முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். எதுவரைக்கும் போகிறது என்பதை, உங்கள் வீட்டில் 'பிள்ளை மாதிரி' இருக்கிறதே, அதுவே சொல்லட்டும்.